சேவல் முரடானால்: கோழியின் முதுகைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

இரவு 8 மணிக்கு மேல், கோழிகள் கூட்டில் அடைந்த பிறகு, ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். பகலில் துரத்திப் பிடித்தால் கோழியும் மிரளும், நமக்கும் மூச்சு வாங்கும். இருட்டில் அது பொம்மை மாதிரி கைக்கு வரும். ஒவ்வொன்றாக மடியில் வைத்து நான்கு இடங்களைப் பாருங்கள்: பிடரி, முதுகின் நடுப்பகுதி, இறக்கையைத் தூக்கினால் தெரியும் விலா, வாலுக்குக் கீழே. இறகு எங்கே போயிருக்கிறது, உதிர்ந்ததா உடைந்ததா, தோல் வெறுமனே தெரிகிறதா, கீறலா, கிழிசலா என்று பார்த்தாலே, சேவல்தான் காரணமா என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

இதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் வீட்டில் அப்போது ஆறு கோழி, ஒரு சேவல். ஒரு கோழி இரண்டு நாளாக மூலையில் குந்திக்கொண்டு தீனி எடுக்கவில்லை. கழிச்சலாக இருக்கும் என்று மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் செத்துப்போனது. புதைக்கத் தூக்கியபோதுதான் இறக்கைக்கு அடியில் விரல் நீளக் கிழிசலும் அதில் நெளியும் புழுவும் கண்ணில் பட்டன. வெளியே இருந்து பார்த்தால் இறகு மூடி ஒன்றுமே தெரியாது. கிழித்தது எங்கள் இரண்டு வயதுச் சேவலின் கால் முள். அதிலிருந்து மாதம் ஒரு முறை இந்த ராத்திரி சோதனை உண்டு.

எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டுமானால், சேவல் மிதிப்பது, அதாவது இணைசேர்வது, எப்படி என்று தெரிந்திருக்க வேண்டும். அலகால் பிடரி இறகைக் கவ்விக்கொள்ளும். முதுகில் ஏறி, விழாமல் இருக்க இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைக்கும். கடைசியில் வாலை இறக்கும். பழகிய சேவலுக்கு இதெல்லாம் சில நொடி வேலை. ஆகவே சேவலால் வரும் சேதம் பிடரியிலும், முதுகிலும், இறக்கை முதுகோடு சேரும் இரண்டு பக்கத்திலும்தான் இருக்கும். வேறு இடத்தில் இறகு போயிருந்தால் சேவலைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

எல்லாக் கோழிக்கும் முதுகு மொட்டை, தோலில் காயம் இல்லை

பெரும்பாலானவர்கள் சொல்லும் குறை இதுதான். இதற்குச் சேவலின் குணத்தைவிட நம் கணக்குதான் காரணமாக இருக்கும். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை என்பது பொதுவான அளவு. வீட்டில் நான்கு பெட்டை, ஒரு சேவல் என்று வைத்துக்கொண்டு, அந்த நான்கின் முதுகும் ஏன் வழுக்கையாகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? பத்துக் கோழிக்குப் பங்காக வேண்டியதை நான்கு சுமக்கின்றன. நிதானமான கிழட்டுச் சேவலும், நாள் முழுக்க மேயத் தோட்டமும் இருந்தால் ஐந்து ஆறு பெட்டையோடுகூட ஓட்டிவிடலாம். வலை அடித்த சின்ன இடம், வாலிபச் சேவல், நான்கு பெட்டை என்றால் மொட்டை நிச்சயம்.

அதைவிட மோசம், எட்டுப் பெட்டைக்கு இரண்டு சேவல். பார்க்க நான்குக்கு ஒன்று என்ற அதே கணக்கு மாதிரி இருக்கும். நடப்பது வேறு. ஒன்று ஏறினால் மற்றது ஓடிவந்து இடித்துத் தள்ளும். இரண்டின் சண்டைக்கும் நடுவில் கோழி அடியில் கிடக்கும். இரண்டும் மற்றதற்கு முந்திக்கொள்ளப் பார்ப்பதால் சுற்றி வருவது, இரை காட்டி அழைப்பது எல்லாம் போய், துரத்திப் பிடிப்பது மட்டும் மிஞ்சும். அடைவைத்துப் பொரித்த குஞ்சில் பாதி சேவலாகத்தான் போகும் என்பதால், நாட்டுக்கோழி வைத்திருக்கும் எல்லார் வீட்டுக்கும் ஒரு நாள் இந்தச் சிக்கல் வரும். நான்கு மாதம் ஆனதும் கூடுதல் சேவல்களை ஒதுக்கிவிடுங்கள். பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் சேவல்களை மட்டும் சேர்த்து விட்டால், சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை பெரும்பாலும் சண்டையில்லாமல் இருக்கும். அசீல் என்ற சண்டைக்கோழி இனத்தின் ரத்தம் கலந்தவற்றுக்கு இது பொருந்தாது. அவை அண்ணன் தம்பி என்று பார்ப்பதில்லை.

எண்ணிக்கையை உடனே மாற்ற முடியாதவர்கள் இடத்தை மாற்றிப் பார்க்கலாம். பகலில் உலவும் இடம் கோழிக்கு 10 சதுர அடியாவது வேண்டும். அதையும் வெறும் பொட்டலாக விடாதீர்கள். சேவல் ஒரு மூலையில் நின்றால் மறு மூலை அதன் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தென்னை மட்டை நான்கைச் சாய்த்து வையுங்கள், ஒரு பழைய பெஞ்சைப் போடுங்கள், விறகை நடுவில் அடுக்குங்கள். தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி இருக்கட்டும். மூன்றடி உயரத்தில் ஒரு கழி கட்டினால் இலேசான கோழிகள் ஏறித் தப்பித்துக்கொள்ளும். காசு செலவில்லாத வேலை இது. ஆனால் எங்கள் வீட்டில் கோழியின் முதுகுக்குத் துணி கட்டியதைவிட இதுதான் அதிகம் பலன் தந்தது.

இறகு திரும்ப வருவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடியோடு பிடுங்கப்பட்ட இடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை ஊசி மாதிரி முளை எட்டிப் பார்க்கும். முழு இறகாக ஆறு எட்டு வாரம் ஆகும். ஆனால் பாதியில் உடைந்து, தண்டு தோலுக்குள் நிற்கும் இறகு அடுத்த இறகு உதிர்ப்பு வரும் வரை அப்படியேதான் இருக்கும். சேவலை ஒதுக்கி ஒரு மாதம் ஆகியும் முதுகு மூடவில்லையே என்று பலர் கவலைப்படுவது இதனால்தான். தண்டுகளைப் பிடுங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கோழிக்கு வலிக்கும், வேண்டாம். வளரும் முளைக்குள் ரத்தம் ஓடும், அது உடைந்தால் ஒழுகும், மற்ற கோழிகள் அதைக் கொத்த ஆரம்பிக்கும்.

இறகு என்பது முக்கால்வாசிக்கு மேல் புரதம். வெறும் அரிசியும் தவிடும் தின்னும் கோழிக்கு அது வளர எங்கிருந்து சத்து வரும்? கரையான் கிடைத்தால் கொடுங்கள். கருவாட்டுத் தூள், எள்ளுப் புண்ணாக்கு நல்லது. எள்ளில் இறகுக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. கடலைப் புண்ணாக்கும் கொடுக்கலாம், பூஞ்சை வாசம் அடித்தால் மட்டும் தொடாதீர்கள். அதிலிருக்கும் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும்.

ஒரே ஒரு கோழிக்கு மட்டும் மொட்டை, மற்றவை பளபளவென்று இருக்கின்றன

அது சேவலின் செல்லம். நன்றாக முட்டையிடும், கொண்டை சிவந்த, ஆளைக் கண்டால்கூடப் பதுங்கிக் குந்தும் கோழியைத்தான் சேவல் திரும்பத் திரும்பத் தேடிப் போகும். வீட்டில் நல்ல கோழி எதுவோ அதற்குத்தான் இந்தத் தண்டனை. எண்ணிக்கையைக் கூட்டினாலும் இது முழுதாக மாறாது. துணி கட்ட வேண்டுமானால் இந்தக் கோழிக்குக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மதியத்துக்கு மேல் அதைத் தனியே விடுங்கள். சேவல் அதிகம் மிதிப்பது சாயங்காலத்தில்தான்.

மொட்டை இருக்கிறது, ஆனால் பிடரியிலோ முதுகிலோ இல்லை

சேவலை விட்டுவிடுங்கள். வாலடியில் குத்துக் குத்தாகப் போயிருந்தால் மற்றப் பெட்டைகள் கொத்துகின்றன. இடம் போதவில்லை அல்லது புரதம் போதவில்லை. ஆசனவாய் சுற்றிலும் இறகின் அடியில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் பேன் முட்டை. தலையில் தொடங்கி, கழுத்து, முதுகு என்று வரிசையாக இரண்டு பக்கமும் சமமாக உதிர்ந்து, முளையும் கூடவே வந்தால் அது வருடாந்தர இறகு உதிர்ப்பு. முட்டையும் நின்றிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. அடைக்கோழியின் மார்பு மொட்டையாக இருந்தால் அது தானே பிடுங்கிக்கொண்டது.

பேன் என்றால் மட்டும் சேவலையும் சேர்த்துப் பாருங்கள். கோழிகள் தாமே மண்குளியல் போடச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து ஒரு டயரிலோ பழைய சட்டியிலோ வையுங்கள். கூட்டின் சந்து பொந்துகளில் ராத்திரி டார்ச் அடித்துச் சிவப்பாக உண்ணி ஊர்கிறதா என்று பார்த்துச் சுண்ணாம்பு அடியுங்கள்.

இறக்கைக்கு அடியில் கிழிசல்

இது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது, அதுவும் மழை நாளில். ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஒரு நாளில் புழு வைத்துவிடும். கோழியை முதலில் பிரியுங்கள். ரத்தச் சிவப்பைப் பார்த்தால் கூடப் பிறந்ததே வந்து கொத்தும்.

காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து எடுத்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் பீச்சிக் கழுவுங்கள். போவிடோன் அயோடின் இருந்தால் தண்ணீரில் கலந்து, நீர்த்த டீ நிறத்தில் ஊற்றலாம். மேல்தோல் மட்டும் கிழிந்திருந்தால் மஞ்சள் போதும். சிவப்பு மறைவதும் ஒரு லாபம். வேப்பெண்ணெயைக் காயத்துக்குள் விடாமல் சுற்றிலும் தடவினால் ஈ அண்டாது. சுண்ணாம்பு, பெட்ரோல், பீடித்தூள் எதையும் வைக்காதீர்கள். இதையெல்லாம் வைத்துப் பிழைத்த கோழி கெட்டிக்காரக் கோழி, அவ்வளவுதான்.

பிரித்து வைக்கும் கோழியை மூடிய அறையில் ஒளித்து வைக்க வேண்டாம். கொடாப்பை (கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை) போட்டு மூடி, கொசுவலைத் துணி ஒன்றை மேலே விரித்து, மற்றக் கோழிகள் பார்க்கும் இடத்திலேயே வையுங்கள். பத்து நாள் கண்ணில் படாமல் இருந்துவிட்டுத் திரும்பி வரும் கோழியை மற்றவை அந்நியமாக நினைத்து அடிக்கும். உள்ளே சதை தெரிந்தால், நாற்றம் வந்தால், புழு இருந்தால், உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தையல் போட வேண்டியிருக்கலாம். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எத்தனை நாளைக்கு முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். கேட்காவிட்டால் பல நேரம் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது சேவலின் கால். ஒரு வயதுக்குள் இருக்கும் சேவலுக்கு முள் வெறும் மொட்டாகத்தான் இருக்கும். அப்படியானால் கிழித்தது நகம். வயது ஏற ஏற முள் நீண்டு கூராகும். ராத்திரி சேவலைத் துண்டில் சுற்றி ஒருவர் பிடிக்க, மற்றவர் அரத்தால் முள்ளின் நுனியை உருட்டையாகத் தேய்க்க வேண்டும். வெட்டத் தேவையே இல்லை. மேலே இருப்பது நம் நகம் மாதிரி ஓடு, உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. அதனால் கூர் நுனியை மட்டும் எடுத்தால் போதும். நகங்களையும் நுனியில் கொஞ்சம் தேயுங்கள்; முதுகுக் கீறல் பாதிக்கு மேல் நகத்தால்தான் வருகிறது. தவறி ரத்தம் வந்துவிட்டால் மரவள்ளி மாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். சேலத்தில் அதற்கா பஞ்சம்? இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தாக வேண்டும், வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

சூடான உருளைக்கிழங்கை முள்ளில் குத்தி வைத்து, மேல் உறையை அப்படியே திருகிக் கழற்றும் வீடியோக்கள் சுற்றுகின்றன. கழலும், உண்மைதான். உள்ளே இருக்கும் பச்சைப் புண் காய்வதற்குள் சேவல் படும் பாட்டை வீடியோவில் காட்டுவதில்லை. சூடு காலில் பட்டால் வெந்துபோகும். நான் செய்ய மாட்டேன்.

கோழி நொண்டுகிறது, இறகெல்லாம் ஒழுங்காக இருக்கிறது

முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் அது பாதப் புண், உயரத்திலிருந்து குதிப்பதாலும் முள் குத்துவதாலும் வருவது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கும் இளம் கோழிக்கு நரம்பு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டும் இல்லையென்றால் சேவலையும் கோழியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எடை பாருங்கள்.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பார்கள். குஞ்சு முடமாகாது. சேவல் மிதித்துக் கோழி முடமாகும். சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி இனத்துப் பெட்டை ஒன்றேகால் கிலோ, ஒன்றரை கிலோ இருக்கும். அதன் மேல் நான்கு கிலோ எடையுள்ள, பெரிய இனமான பெருவிடைச் சேவலோ கிரிராஜாச் சேவலோ ஏறினால் இடுப்பு என்ன ஆகும்? குஞ்சு பெரிதாக வரும், கறி அதிகம் நிற்கும் என்று இப்படிக் கலப்பது எங்கள் பக்கம் சாதாரணம். சேவல் நல்ல குணமாகவே இருந்தாலும் இங்கே பலனில்லை, பாரம் பாரம்தான். இதற்குப் பழக்கம், துணி, கழி எதுவும் வழியில்லை. எடைக்கு எடை பொருந்தும் சேவலை வையுங்கள். நொண்டும் கோழியை வைக்கோல் பரப்பிய கொடாப்பில் நான்கைந்து நாள் உட்கார வைத்து, தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் வைத்தால், வெறும் சுளுக்கு என்றால் சரியாகிவிடும்.

வெடக்கோழி கூட்டை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது

காலையில் திறந்ததும் எல்லாம் வெளியே ஓட, ஒன்றிரண்டு மட்டும் மேல் கழியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். தூக்கிப் பார்த்தால் இலேசாக இருக்கும், நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுப்படும். சில வீட்டில் இதைச் சீக்கு என்று நினைத்து அறுத்துவிடுவார்கள். சீக்கில்லை, பயம். கீழே இறங்கினால் சேவல் துரத்துவான் என்று அதற்குத் தெரியும்.

முட்டைக்கு வராத வெடக்கோழிக்குக் குந்தத் தெரியாது, ஓடத்தான் தெரியும். ஐந்து மாதத்திலிருந்து எட்டு மாதம் வரையுள்ள வாலிபச் சேவலுக்கு நிதானம் தெரியாது, துரத்தத்தான் தெரியும். இரண்டும் ஒரே ஈட்டில் பொரித்து ஒன்றாக வளர்ந்தவையாக இருந்தால் இந்தக் கூத்து கட்டாயம் நடக்கும். முதல் முட்டை வரும்வரை வெடக்கோழிகளைப் பிரித்து வைப்பதுதான் வழி. வலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். வாலிபச் சேவலை அனுபவமுள்ள தாய்க்கோழிகள் இரண்டு மூன்றோடு விடுங்கள். அவை கொத்தி ஒழுங்குபடுத்தும். பெரிய கோழி இல்லாமல், மின் விளக்குக்கு அடியில் சேவல் குஞ்சுகளோடு மட்டும் வளர்ந்த சேவல்தான் அதிகம் முரடாக வருகிறது என்பது நான் பார்த்தவரை உண்மை.

தினமும் காலை கூட்டைத் திறந்த முதல் பத்து நிமிடம்தான் அடிதடி அதிகம் என்றால், அதற்குச் சுலபமான வழி உண்டு. சேவலை ராத்திரி தனிக் கூண்டில் அடையுங்கள். காலையில் பெட்டைகளைத் திறந்துவிட்டு, அவை தின்று, தண்ணீர் குடித்து, பரவி மேயத் தொடங்கியபின், அரை மணி கழித்து அவனை விடுங்கள். வாசலிலேயே மடக்க முடியாது. எங்கள் அத்தை வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த பிறகுதான் சேவல் கூண்டைத் திறப்பார். அதைவிடச் சரியான கடிகாரம் எங்கள் வீட்டில் இல்லை.

(இடையில் ஒன்று. முட்டையை உடைத்தால் ரத்தப் புள்ளி இருக்கிறது, சேவலின் தொல்லையால்தானே என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தமே இல்லை. முட்டை உருவாகும்போது ஒரு சின்ன ரத்தக் குழாய் உடைந்தால் வருவது அது. சேவலே இல்லாத பண்ணை முட்டையிலும் இருக்கும்.)

துணி கட்டுவது எப்போது, எப்படி

முதுகுத் துணி மருந்தல்ல, குடை மாதிரி. மழை நிற்காது, நனையாமல் இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் துணி மட்டும் கட்டினால் சேவல் பிடரியையும் விலாவையும் பார்த்துக்கொள்ளும். செல்லக் கோழிக்கு, அல்லது உடைந்த இறகு திரும்ப வளரும் மாதங்களுக்குத் துணி நல்லது. பச்சைப் புண்ணின் மேல் மட்டும் கட்டவே கூடாது, உள்ளேயே அழுகிவிடும்.

நாட்டுக்கோழிக்கு 18 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம் சரியாக இருக்கும். கழுத்துப் பக்கம் குறுகலாகவும் வால் பக்கம் அகலமாகவும் வெட்டி, இரண்டு மடிப்பாகத் தையுங்கள். கழுத்தடியில் தொடங்கி வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே முடிய வேண்டும். அங்கேதான் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அதை மூடினால் கோழியால் இறகைக் கோத முடியாது. இரண்டு பக்கமும் எலாஸ்டிக் நாடாவால் ஒவ்வொரு வளையம். இறக்கையை வளையத்துக்குள் நுழைத்து அதன் அடிக்குக் கொண்டுவர வேண்டும். மாட்டியபின் நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவே நம் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். முதல் நாள் கோழி பின்பக்கமாகவே நடக்கும், சுற்றும், படுத்துக்கொள்ளும். சிரிப்பு வரும். மறுநாள் மறந்துவிடும்.

எந்தத் துணி என்பது ஊரைப் பொறுத்தது. சேலத்துச் சித்திரை வெயிலில் பழைய ஜீன்ஸைக் கட்டிவிட்டால் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பருத்தி போதும், வேட்டித் துணி இரண்டு மடிப்பு. கடும் வெயில் நாளில் மதியம் கழற்றிவிட்டு, அந்த நேரம் சேவலை அடைத்து வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் கதையே வேறு. என் நாத்தனார் வீடு அங்கே காப்பித் தோட்டத்துக்கு நடுவில். பனியிலும் சாரலிலும் பருத்தித் துணி காயவே காயாது. ஈரத் துணியின் கீழே தோல் ஊறி வெளுத்துவிட்டது. இப்போது கிழிந்த குடையின் துணியை மேலேயும் பருத்தியை உள்ளேயும் வைத்துத் தைக்கிறாள். தண்ணீர் உருண்டு ஓடிவிடுகிறது. எந்த ஊரானாலும் வாரம் ஒரு முறை கழற்றி, பேன் இருக்கிறதா, நாடா இறக்கையடியை அறுக்கிறதா என்று பாருங்கள். துணிக்கு அடியில் பேன் சொகுசாகக் குடியிருக்கும்.

எல்லாம் செய்தாகிவிட்டது, சேவல் மாறவில்லை

எட்டு மாதச் சேவலுக்கு ஒரு வயது ஆகும் வரை காத்திருக்கலாம். பல சேவல்கள் அதற்குள் அடங்கும். இரண்டு வயதாகியும் இறக்கையைத் தாழ்த்தி ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல், இரையைக் கண்டால் பெட்டையைக் கூப்பிடாமல் தானே விழுங்கிக்கொண்டு, ஓடி ஓடிப் பிடிப்பது மட்டுமே வேலையாக இருந்தால், அது மாறாது. குச்சியால் அடித்தால் அடங்கும் என்பதும் தவறு. ஆளையும் எதிரியாக எண்ணிக் காலில் பாய ஆரம்பிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த முள் கண் உயரத்துக்கு வரும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய சேவலின் முட்டையை அடைவைக்கவும் வேண்டாம், குணமும் குஞ்சோடு வரும்.

குழம்பு வைத்துவிடலாம் என்பதுதான் எல்லா வீட்டிலும் முதல் தீர்ப்பு. அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் எங்கள் பக்கம் ஒரு தடை உண்டு: முனியப்பனுக்கு நேந்துவிட்ட சேவல். அதை விற்கவும் முடியாது, நேர்த்தி நாள் வருமுன் கையும் வைக்க முடியாது. எங்கள் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு சேவல் ஏழு பெட்டையையும் படுத்திக்கொண்டிருக்க, சாமி சேவல் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். நேந்துவிட்டால் கொல்லக் கூடாது, சரி. கூடவே விட வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லையே. தனிக் கூண்டில் வைக்கலாம். கட்டுச்சேவல் (சண்டைக்கு விடும் சேவல்) வளர்ப்பவர்கள் செய்வதுபோல முளையடித்துக் காலில் கட்டியும் வைக்கலாம். நைலான் கயிறு வேண்டாம், காலை அறுக்கும். மெத்தென்ற துணிப் பட்டையாகக் கட்டி, வாரம் ஒரு முறை கால் மாற்றுங்கள். நிழல் நகரும், முளை நகராது. காலையில் நிழலாக இருந்த இடம் மதியம் என்னவாகிறது என்று பார்த்து முளையடியுங்கள். நாய் நடமாட்டம் உள்ள இடத்தில் கட்டவே வேண்டாம், கட்டிய சேவலால் ஓட முடியாது.

கண்ணில் படாமல் முழுதாகப் பிரிப்பதானால் சேவலைத்தான் பிரிக்க வேண்டும், காயமில்லாத கோழியை அல்ல. கோழியை எடுத்துவிட்டுத் திரும்ப விட்டால் அது வரிசையில் தன் இடத்தை இழந்து, பெட்டைகளிடமும் அடி வாங்கும்.

சேவல் இல்லாவிட்டால் முட்டை நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கோழி முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. அதற்கும் நாள் முழுக்கக் கூடவே இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் விட்டால் போதும். சேவலை முழுதாக எடுத்துவிட்டாலும் பத்து நாள், இரண்டு வாரம் வரை வரும் முட்டைகள் கருவோடு இருக்கும். ஆனால் மலைப்பக்கம் இருப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பருந்து நிழல் தெரிந்தால் முதலில் குரல் கொடுப்பது சேவல்தான். கீரியும் மரநாயும் சுற்றும் ஏற்காட்டுத் தோட்டத்தில் என் நாத்தனார் சேவலில்லாமல் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு குஞ்சுக்கோழி போனதும் வேறு சேவல் தேடினாள்.

வேறு சேவல் வாங்கும்போது ஒரு வயது தாண்டியதாகப் பாருங்கள். கொங்கணாபுரம் மாதிரிப் பெரிய சனிச்சந்தையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சீறும் சேவல்தான் கண்ணை இழுக்கும். அது பந்தயக்காரர்களுக்கானது, உங்களுக்கு வேண்டாம். முடிந்தால் சந்தையைவிட ஒரு வீட்டில் வாங்குங்கள். பொட்டுக்கடலை கொஞ்சம் கையில் கொண்டுபோய் அதன் முன்னால் போடுங்கள். தான் தின்னாமல் கொக்கொக்கென்று பெட்டைகளை அழைத்தால் பாதித் தேர்வு முடிந்தது. மீதித் தேர்வு, அந்த வீட்டுக் கோழிகளின் முதுகு. விற்பவர் என்ன சொன்னாலும் அதைப் பாருங்கள். வாங்கிவந்த சேவலை மூன்று வாரமாவது தனியே வைத்து, கழிச்சல், சளி ஒன்றும் இல்லையென்று தெரிந்தபின், வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டு, ஒரு ராத்திரி எல்லாம் அடைந்த பிறகு கழியில் ஏற்றி விடுங்கள். காலையில் கூடவே இருந்து பாருங்கள்.